மலையில்லா ஊரிலிருந்து மலைக்கு: குழுவாகச் செய்யும் நெடுநடைப் பயிற்சி

புதுமடத்தில் நின்று நாற்புறமும் நோக்கினால் மலை என்று சொல்லத்தக்கது எதுவும் கண்ணிற்படாது. தெற்கே மன்னார் வளைகுடா, கரையெங்கும் மணல், அதற்கப்பால் பனையும் உடைமரமும். ராமேஸ்வரம் தீவின் மிக உயர்ந்த இடமாகிய கந்தமாதன பர்வதமும் ஒரு சிறு குன்றே. ஆயினும் இக்கடற்கரை மக்கள் மலையேறாதவர் அல்லர். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி, தைப்பூசத்திற்குப் பழனி, கார்த்திகை மார்கழியில் சபரிமலை என்று ஆண்டுதோறும் குழுக்கள் புறப்படுகின்றன. ஹஜ், உம்ரா செல்வோரில் பலர் மக்காவுக்கு அருகிலுள்ள ஜபல் நூர் மலையில் ஏறி ஹிரா குகையைக் காண விழைகின்றனர். கடலுக்கு அப்பால் இலங்கையில் 2,243 மீட்டர் உயர்ந்து நிற்கும் சிவனொளிபாதமலையை முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்று போற்றுகின்றனர். 1344-ஆம் ஆண்டில் இப்னு பதூதா ஏறிய மலை அது.

இவ்வாறு புறப்படுவோருள் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா, மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களும் இருக்கின்றனர். “போகலாமா?” என்ற வினாவை அவர்கள் பெரும்பாலும் புறப்படும் வாரத்தில்தான் கேட்கின்றனர். அதற்குள் பயிற்சிக்கான காலம் கடந்துவிடுகிறது. அவ்வினாவைப் பன்னிரண்டு வாரங்களுக்கு முன்பே கேட்பது எவ்வாறு, கேட்டபின் செய்ய வேண்டியது யாது என்பதே இப்பாடத்தின் பொருள்.

1. ஏற்றத்தில் உடலுக்கு நேர்வது

சமதளத்தில் இயல்பாக நடக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல், ஓய்வில் செலவிடுவதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. செங்குத்தான பாதையிலோ படிகளிலோ ஏறும்போது அது ஆறு முதல் எட்டு மடங்காகிறது. அத்தேவையை நிறைவேற்ற இதயம் வேகமாகத் துடிக்கிறது; இரத்த அழுத்தம் உயர்கிறது; மூச்சு விரைகிறது. இதயத் தமனியில் அடைப்பு உள்ளவருக்குச் சமதளத்தில் போதுமாயிருந்த இரத்த ஓட்டம், ஏற்றத்தில் போதாமற் போகலாம். நாள்தோறும் சந்தைக்கு நடந்து செல்பவர் மலையின் முதல் ஏற்றத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்வது இக்காரணத்தால்தான்.

கரைவலை இழுப்பவரும் கடற்பாசி எடுப்பவரும் உடல் வலிமை மிக்கவர்களே. ஆனால் அவ்வலிமை தோளிலும் கையிலும் முதுகிலும் மிகுதியாக அமைந்தது. மலையேற்றம் கேட்பது தொடை, கெண்டைக்கால் ஆகியவற்றின் நீடித்த உழைப்பு. ஒரு தொழிலில் பழகிய உடல், பழகாத வேறோர் உழைப்பையும் தாங்கும் என்று கருதிவிடக் கூடாது.

உயரத்தால் பிராணவாயு குறைந்துவிடுமோ என்று பலர் அஞ்சுகின்றனர். மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தோன்றும். நம்மவர் செல்லும் மலைகள் பெரும்பாலும் அதற்குத் தாழ்ந்தவையே. இங்கு நோயாளிக்குப் பகையாவன மூன்று: அளவை மீறிய வேகம், வெப்பம், இறங்கும் பாதை.

இறக்கம் எளிது என்பது தவறான எண்ணம். இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்குகின்றன. பழக்கமில்லாத தசையில் இதனால் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, ஒன்று முதல் மூன்று நாள்கள் வரை வலி மிகுந்திருக்கும். களைத்த தொடை மடங்க, முழங்கால் அதிர்ச்சியை ஏற்கிறது, கால் இடறுகிறது. ஆகவே பயிற்சியில் இறங்குவதற்கும் இடம் வேண்டும்.

2. முதலில் மருத்துவரைக் காண வேண்டியவர் யார்?

நாற்பது வயதைக் கடந்து, நெடுநாள் உடற்பயிற்சி இல்லாத எவரும் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்வது நலம். கீழ்க்கண்டோர் அதனைத் தவிர்க்கவே கூடாது:

• மாரடைப்பு ஏற்பட்டவர், ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர், பைபாஸ் செய்துகொண்டவர், இதய வால்வு நோயோ இதயத் தளர்ச்சியோ உள்ளவர்.
• இன்சுலின் போடுபவர்; சர்க்கரையைத் தாழ்த்தும் இயல்புடைய கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் உண்பவர்.
• பாதத்தில் மரத்துப்போன உணர்வோ ஆறாத புண்ணோ உள்ளவர்.
• சிறுநீரக நோய், பக்கவாதம், வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்.
• கர்ப்பிணிப் பெண்கள்.

ஓய்வில் இருக்கும்போதே இரத்த அழுத்தம் 180/110-க்கு மேலிருந்தால் பயிற்சியைத் தொடங்கலாகாது. முதலில் அதைக் கட்டுப்படுத்த வேண்டும். அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டவர், சிறு உழைப்பிலேயே நெஞ்சுவலி வருபவர், காரணமின்றி மயங்கி விழுந்தவர், காய்ச்சலில் இருப்பவர் ஆகியோருக்கும் இது பொருந்தும்.

நிற்காமல் இரண்டு மாடி ஏற இயலுகிறதா என்பது வீட்டிலேயே செய்யத்தக்க எளிய சோதனை. இதில் மூச்சு முட்டினால் மருத்துவரைக் காணும்வரை மலையை எண்ண வேண்டா. ஆனால் இதில் வெற்றி பெற்றது மலையேறத் தகுதி என்று பொருளாகாது. இரண்டு மாடி ஏறுவது அரை நிமிட உழைப்பு. மலையோ பல மணி நேர உழைப்பு. இதய நோயாளிக்கு டிரெட்மில் சோதனை வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

3. பன்னிரண்டு வாரப் பயிற்சி

தசையும் இதயமும் புதிய உழைப்புக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். தசைநாண்களும் மூட்டுகளும் இன்னும் மெதுவாகவே பழகும். ஆகவே அவசரம் கூடாது. கீழ்க்காணும் அட்டவணை மருத்துவரின் இசைவு பெற்றவர்களுக்கு உரியது.

முதல் மூன்று வாரங்கள்: வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 20 முதல் 30 நிமிடம் சமதள நடை. வைகறைத் தொழுகைக்குப் பின்னரோ பொழுது விடியும் வேளையிலோ நடப்பது நன்று. அலை தொட்டுச் சென்ற ஈர மணல் உறுதியானது, அங்கே நடக்கலாம். காலணி அவசியம். சிப்பியும் முள்ளும் குத்தியதை, மரத்துப்போன பாதம் உணராது.

நான்கு முதல் ஆறாம் வாரம் வரை: நாள்நடையை 45 நிமிடமாக உயர்த்துக. வாரத்தில் ஒருநாள் குழுவாக ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் நடக்க. வாரம் இருநாள் மாடிப்படிப் பயிற்சி: ஐந்து முறை ஏறி இறங்கத் தொடங்கிப் பத்து முறை வரை செல்க.

ஏழு முதல் ஒன்பதாம் வாரம் வரை: குழுநடை இரண்டு மணி நேரம். முதுகுப்பையில் 2 கிலோ எடையில் தொடங்கி 4 கிலோ வரை சுமக்கலாம். நடையின் நடுவே பத்து நிமிடம் உலர் மணலில் நடக்க. கால் புதையும் உலர் மணலில் நடப்பதற்கு உறுதியான தரையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றல் வேண்டும். குன்றில்லாத ஊருக்குக் கடல் தந்த ஏற்றம் இதுவே. முழங்கால் வலி உள்ளவர் உலர் மணலைத் தவிர்க்க. மாடிப்படியை இருபது முறையாக்குக. ஒவ்வொரு முறையும் இறங்கும்போது மெதுவாக, பாதத்தை ஓசையின்றி வைத்து இறங்குக. இறக்கத்திற்கான பயிற்சி அதுவே.

ஓர் அளவுகோல்: பழனி மலைக்கோயிலுக்கு 693 படிகள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. உங்கள் வீட்டு மாடிக்கு 18 படிகள் எனில், அதை 38 முறை ஏறினால் 684 படிகள் ஆகின்றன. கிட்டத்தட்ட ஒரு பழனி மலையை வீட்டிலேயே ஏறிவிட்டீர்கள்.

பத்தாம் வாரம்: முதன்முறையாக மலைக்குச் செல்லும் வாரம். மதுரைக்கு அருகிலுள்ள அழகர்கோயிலிலிருந்து பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கை வரை செல்லும் சாலை ஏற்றமானது, வாகனமும் செல்வது. இயலாதவர் எந்த இடத்திலும் நடையை நிறுத்தி வண்டியில் திரும்பலாம். முதல் மலைக்கு இத்தகைய இடமே ஏற்றது. பழனியில் விஞ்சும் ரோப்காரும் உள்ளதால் அதுவும் பொருத்தமானதே.

பதினோராம் வாரம்: அதே மலையில், செல்லவிருக்கும் குழு முழுவதும், செல்லும் நாளில் அணியவிருக்கும் அதே காலணியுடனும் பையுடனும் நடக்க வேண்டும். புதுக் காலணியை மலைக்கென்று எடுத்துவைப்பது புண்ணை வரவேற்பதாகும்.

பன்னிரண்டாம் வாரம்: பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, புறப்படுமுன் இரண்டு நாள் ஓய்வு கொள்க.

எவ்வாரத்திலும் நீண்ட நடையை முந்தைய வாரத்தைவிட 15 நிமிடத்திற்கு மேல் கூட்ட வேண்டா. ஒரு வாரம் தவறினால் விட்ட இடத்திலிருந்து தொடர்க. தாண்டிக் குதிக்க வேண்டா.

4. வேகத்தை அறிவது எவ்வாறு?

நாடித் துடிப்பை எண்ணுவது எல்லாருக்கும் பொருந்தாது. மெட்டோபுரோலால், அட்டெனொலால் போன்ற மாத்திரைகள் நாடியை அடக்கிவைக்கும்; அவற்றை உண்பவரின் நாடி, உழைப்பின் அளவைச் சரியாகக் காட்டாது. அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஏற்ற அளவுகோல் பேச்சே. நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல இயன்றால் வேகம் சரி. இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி. குழுவாக நடப்பதன் முதற்பயன் இதுதான்: பேச ஆள் இருக்கும்; பேச்சு நின்றதைக் கவனிக்கவும் ஆள் இருக்கும்.

நேரத்தைக் கணக்கிடவும் ஒரு விதி உண்டு. ஸ்காட்லாந்து மலையேறியான நைஸ்மித் 1892-இல் வகுத்த விதிப்படி, 5 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்திற்கும் மேலும் ஒரு மணி நேரம். 6 கிலோமீட்டர் தொலைவில் 600 மீட்டர் ஏற வேண்டுமெனில், உடல்வலிமை உள்ளவருக்கு ஏறத்தாழ 2 மணி 12 நிமிடம் ஆகும். நோயாளிகள் உள்ள குழு அதை இரட்டித்து நான்கரை மணி நேரம் என்று கொள்வதே பாதுகாப்பு. இறக்கத்திற்கும் தனியே நேரம் ஒதுக்கி, இருட்டுமுன் அடிவாரம் சேருமாறு புறப்படும் நேரத்தை முடிவு செய்க.

5. குழுவின் ஒழுங்கு

நகரத்தார் பழனிக்கு மேற்கொள்ளும் பாதயாத்திரை பல தலைமுறைகளாகத் தொடர்ந்து வருவது. எங்கே தங்குவது, எங்கே உண்பது, எப்போது புறப்படுவது என்பன முன்னரே வகுக்கப்பட்டவை. அவ்வொழுங்கே முதியவர்களையும் அவ்வளவு தொலைவு நடக்கச் செய்கிறது.

ஒழுங்கும் முன்னறிவும் குறைந்தால் விளைவது என்ன என்பதற்கும் தமிழகத்தில் சான்றுகள் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2015 மே மாதத்தில் சதுரகிரியில் திடீர் வெள்ளம் பக்தர்கள் சிலரின் உயிரைக் கொண்டது. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளியங்கிரியில் 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் பக்தர்கள் பலர் ஏறும்போதும் இறங்கும்போதும் இறந்தனர்; இதய நோய், மூச்சுத்திணறல் போன்றவை உள்ளோர் ஏற வேண்டா என்று வனத்துறை வேண்டிக்கொண்டது. இவற்றிலிருந்து நாம் பெறும் விதிகள் ஆறு:

• வனத்துறை அனுமதித்த நாளிலும் நேரத்திலும் பாதையிலும் மட்டும் செல்க. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலைநடைத் திட்டத்தில் 40 பாதைகள் வகுக்கப்பட்டு, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் செல்லும் ஏற்பாடு உள்ளது.
• எல்லாரினும் மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகம். அவரை முன்வரிசையில் நடக்கச் செய்க.
• இறுதியாக ஒருவர் நடக்க வேண்டும். அவருக்குப் பின் எவரும் இருத்தலாகாது.
• இருவர் இருவராக இணை சேர்க்க. ஒவ்வொருவரும் தம் இணையரின் நோயையும் மருந்தையும், மருந்து பையில் இருக்கும் இடத்தையும் அறிந்திருக்க வேண்டும்.
• முன்னே சென்றவர் காத்திருந்து, பின்வந்தவர் சேர்ந்தவுடன் புறப்பட்டுவிடுவது பெருந்தவறு. ஓய்வு மிகவும் தேவைப்படுபவருக்கே ஓய்வில்லாமற் போகிறது. கடைசி ஆள் அமர்ந்த பிறகே ஓய்வு நேரம் தொடங்குகிறது.
• திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே முடிவு செய்க. அந்நேரம் வந்ததும், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்புக.

6. நீர், உணவு, மருந்து

தாகம் எடுக்கும்வரை காத்திராமல், சிறுகச் சிறுகக் குடிக்க. எனினும் வெறும் நீரை அளவின்றிக் குடிப்பதும் தீது. இரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலியும் குழப்பமும் உண்டாகும். உப்புக்கரைசல் பொட்டலம் கிடைக்காவிடில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளலாம். இதயத் தளர்ச்சி, சிறுநீரக நோய் உள்ளவர்களும், நீரிழிவு உள்ளவர்களும் எவ்வளவு நீர், எவ்வகைக் கரைசல் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிக.

நீரிழிவு உள்ளவர் நடக்குமுன் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். இன்சுலின் அல்லது சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை உண்பவருக்கு 100-க்குக் கீழிருந்தால் சிறிது உணவு உண்டபின் புறப்படுக. 250-க்கு மேலிருந்து, உடல் சோர்வோ வாந்தியோ இருந்தால் அன்று நடக்க வேண்டா. நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல் தோன்றினால் சர்க்கரை தாழ்ந்ததாகவே கொண்டு, மூன்று தேக்கரண்டி சர்க்கரையை உடனே கொடுக்க. 15 நிமிடம் கழித்தும் தெளியாவிடில் மீண்டும் கொடுக்க. நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நெடுநடைக்குப் பிறகு 24 மணி நேரம் வரையிலும் சர்க்கரை தாழக்கூடும். அன்றிரவு உறங்குமுன் ஒருமுறை பார்க்க. மருந்தின் அளவை அன்று குறைக்க வேண்டுமா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

கால்வலி வராதிருக்க முன்னதாகவே வலிமாத்திரை உண்பது பரவலாகக் காணப்படும் வழக்கம். நீர் வற்றிய உடலில் டைக்ளோபெனாக் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதனைக் கைவிடுக. விரதம் என்று கருதி அன்றாட மருந்தை நிறுத்துவதும் ஆபத்தானது. நோன்போ விரதமோ மேற்கொள்வோர் மருந்தின் நேரத்தை மாற்றியமைக்க மருத்துவரை நாடுக. பாதம் மரத்தவர் வெறுங்காலுடன் ஏறுவதாக நேர்ந்துகொண்டிருந்தால், குருசாமியிடமோ குடும்பப் பெரியவரிடமோ பேசி மாற்று வழி காண்க. ஆறாத ஒரு புண் காலையே இழக்கச் செய்யும்.

வெப்பத்திற்கு உடல் பழக ஏழு முதல் பதினான்கு நாள் ஆகும். 2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது கடும் வெப்பத்தில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. நம் கரையிலும் கோடை கடுமையானது. காலை ஒன்பது மணிக்குப் பின் நெடுநடை வேண்டா.

7. உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் பாரம் அல்லது இறுக்கம், தாடை, தோள், இடக்கை ஆகியவற்றில் பரவும் வலி, அமர்ந்தும் தணியாத மூச்சிரைப்பு, தலைசுற்றல், காரணமின்றிக் குளிர்ந்த வியர்வை. இவற்றுள் ஒன்று தோன்றினாலும் நடையை அங்கேயே நிறுத்துக. நோயாளியை அமர்த்துக, நடத்திக் கீழிறக்க வேண்டா. நாவின்கீழ் வைக்கும் மாத்திரையை மருத்துவர் முன்பே எழுதித் தந்திருந்தால் அதைக் கொடுக்க. 108-ஐ அழைக்க. “வாய்வுப் பிடிப்பாக இருக்கும்” என்று காத்திருந்து இழந்த உயிர்கள் பல.

உடல் அனலாகக் கொதித்து, பேச்சு தடுமாறி, நடத்தை மாறினால் அது வெப்ப அதிர்ச்சி. நிழலுக்குக் கொண்டுசென்று, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுதும் நீரூற்றி விசிறுக. குளிர்விப்பதை முதலில் தொடங்கிவிட்டு, உதவியை அழைக்க.

108 ஊர்தி அடிவாரம் வரையே வரும். அங்கிருந்து மேலே உதவி செல்வது மனிதர் சுமந்தே ஆக வேண்டும்; தொலைபேசி கிடைக்காத இடங்களும் உண்டு. சபரிமலைப் பாதையில் நீலிமலை, அப்பாச்சிமேடு ஆகிய இடங்களில் பருவக்காலத்தில் இதயச் சிகிச்சை மையங்கள் இயங்குகின்றன. எல்லா மலையிலும் அந்த வசதி இல்லை. எனவே ஐயம் இருந்தால் அடிவாரத்திலேயே நின்றுவிடுவது அறிவுடைமை.

8. குடும்பத்தாருக்கு

கற்பனையான ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 58. இரண்டாண்டுகளுக்கு முன் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர். நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறார். அயலார் சதுரகிரிக்குப் புறப்படுகின்றனர். தாமும் செல்ல வேண்டும் என்கிறார். மகன் “வேண்டவே வேண்டாம்” என்கிறான். மனைவியோ, அவர் மனம் நோகக் கூடாதென்று வாய் திறவாதிருக்கிறார்.

இங்கே மகனின் மறுப்பும் மனைவியின் மௌனமும் ஒருசேரப் பயனற்றவை. மறுப்பு அவரை மறைத்துச் செல்லத் தூண்டும். மௌனம் அவரைத் தனியே விடும். செய்யத்தக்கது, அவரோடு மருத்துவரிடம் செல்வது. மருத்துவர் இசைந்தால் அவரோடு நாள்தோறும் நடப்பது. பன்னிரண்டு வாரப் பயிற்சியின் இறுதியில் விடை தானே தெளிவாகும். பத்தாம் வாரத்து மலையில் பேசிக்கொண்டே ஏறினார் எனில், மருத்துவர் மீண்டும் பார்த்து இசைவு தந்தபின், குழுவோடு செல்லலாம். பாதியில் நெஞ்சு இறுகியது எனில், வாகனம் வரும் பாதையில் அது தெரியவந்ததே பெரும்பேறு. மருத்துவர் முதலிலேயே மறுத்தாரெனினும், அவர் சொன்ன அளவில் சமதள நடையைத் தொடரலாம். அது மலைக்கு ஈடான மருந்தே. மற்றவர் ஏறுகையில் அவர் அடிவாரத்தில் தங்கி வழிபடலாம். அவரோடு ஒருவர் தங்குக. தனியே விடப்பட்டவராக அவர் உணரலாகாது.

9. தன்னறிவு வினாக்கள்

இவற்றைக் குடும்பத்தாரோடு அமர்ந்து விடை காண்க. ஐந்தனுள் ஒன்றுக்கேனும் விடை தெரியாவிடில், அடுத்த முறை வெளிநோயாளர் பிரிவுக்கு வரும்போது மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள்.

• என் ஓய்வுநிலை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இம்மாதம் எவ்வளவு?
• நான் உண்ணும் மருந்துகளுள் நாடியை அடக்குவது எது? சர்க்கரையைத் தாழ்த்துவது எது?
• இன்று மாலை என் பாதத்தின் அடிப்பகுதியைப் பார்த்தேனா?
• என்னோடு நடக்கும் இணையர் யார்? என் அவசர மருந்து இருக்கும் இடம் அவருக்குத் தெரியுமா?
• எந்த அறிகுறி தோன்றினால் நான் திரும்பிவிடுவேன் என்று குழுவிடம் சொல்லியிருக்கிறேனா?

பயிற்சியைத் தொடங்குவோர் ஒரு சிறு குறிப்பேட்டில் நாள், நடந்த நேரம், ஏறிய படிகள், அன்றைய உடல்நிலை ஆகியவற்றை எழுதி வாருங்கள். மருத்துவமனைக்கு வரும்போது அதையும் கொண்டுவாருங்கள். உங்கள் மருத்துவர் உங்களுக்குச் சொல்லும் “போகலாம்” என்பதற்கும் “வேண்டா” என்பதற்கும் அக்குறிப்பேடு துணைநிற்கும்.